கறுக்காத ஆப்பிள் துண்டுகள்

"மருந்தைத் திருடிட்டு தண்ணியை ஊத்தி வச்சிருக்கா," என்றார் டாக்டர். "நீங்க புதுசா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். நான் கண்டுபிடிச்சதுக்கு ஆதாரம் மட்டும் கொடுங்க, போதும்."

இப்படிப் பேசும் வாடிக்கையாளர்களை அண்ணிக்கு ரொம்பப் பிடிக்கும். கடைசியில் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே பிடிக்கும்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணி, அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில், எரிந்துபோன குடோன்களைப் போய்ப் பார்த்து, தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று சொல்லும் வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, எந்த வேலையிலும் ஒட்டாமல் திரிந்துகொண்டிருந்த என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். எங்களுக்குள் வேலைப் பிரிவினை தெளிவானது. யோசிப்பது அவர். ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, திட்டு வாங்குவது நான்.

அந்த ஒவ்வாமை சிகிச்சை மையத்தில் டாக்டரின் அறை பளபளவென்று இருந்தது. மேஜைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய ஆப்பிள், பக்கத்தில் ஒரு பழக்கத்தி. காலையில் வயிற்றுக்கு எதுவும் போடாமல் கிளம்பியிருந்ததால், டாக்டர் பேச ஆரம்பித்ததும் நான் ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டி ஒரு பாதியை முடித்துவிட்டேன். அலங்காரத்துக்கு வைத்ததைத் தின்பவனை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி ஒரு பார்வை பார்த்தார். நான் பாதியோடு நிறுத்திக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பழச்சாறு தொழிற்சாலை ஒன்றில் ருசி பார்க்கும் அதிகாரி ஒருவர் இருக்கிறார். ஒரு வாய் குடித்தால் எந்தத் தோட்டத்துப் பழம், பறித்து எத்தனை நாளாயிற்று என்றெல்லாம் சொல்லிவிடுவாராம். தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே 'நாக்கு'. அப்படிப்பட்டவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆப்பிள் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. பச்சையாக ஒரு துண்டு தின்றார். தொண்டை அடைத்துக்கொண்டு தரையில் விழுந்தார். அதன்பிறகு ஆப்பிளோடு காரட், வெள்ளரிக்காய் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது.

டாக்டர் அவருக்கு ஊசி ஆரம்பித்தார். ஆப்பிளில் எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மருந்தாக்கி, முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவு, பிறகு வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்டால், உடம்பு அதோடு பழகிவிடும் என்பது கணக்கு. பழத்துக்கும் காய்க்கும் இப்படி ஊசி போடுவது இன்னும் பரீட்சார்த்தமாகத்தான் நடக்கிறது என்பதால் டாக்டரின் பெயர் முழுக்க நாக்கு ஒருவரின் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போன வாரம் இதே ரூம்ல, என் கண்ணு முன்னால ஆப்பிள் சாப்பிட்டார். ஒண்ணும் ஆகல. சர்ட்டிபிகேட் கொடுத்தேன். நேத்து ஃபேக்டரிக்குப் போயி ஒரு கடி கடிச்சார், உதடு இவ்வளவு வீங்கிடுச்சு," என்று டாக்டர் இரண்டு கையாலும் காட்டினார். அந்த அளவுக்கு உதடு வீங்கினால் மனிதர் அதன்மேலேயே படுத்துத் தூங்கலாம். "மருந்து அலமாரிக்கு நர்ஸ் ஒருத்திதான் பொறுப்பு. நல்ல மருந்தை வெளிய வித்துட்டு தண்ணியை ஏத்தியிருக்கா. வேற எப்படி நடக்கும்?"

"குப்பியை லேபுக்கு அனுப்பலையா?"

"அனுப்பியிருக்கேன். பதில் வர நாளாகும். அதுவரைக்கும் நான் காத்துக்கிட்டிருந்தா என் பேரு என்னாகறது? இன்னிக்கு சாயங்காலம் நர்ஸிங் கவுன்சிலுக்குப் புகார் போகுது."

அந்த நர்ஸை உள்ளே வரும்போதே பார்த்திருந்தோம். நேற்று ஹாலில் எல்லா நோயாளிகளும் பார்க்க, "அலமாரிப் பக்கம் போகாதே, திருடி" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு வேலை இல்லாமல் நோயாளிகள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த நிலையிலும், பக்கத்தில் கையைப் பிறாண்டிக்கொண்டிருந்த ஆசாமியிடம், "சொறியாதீங்க சார், புண்ணாயிடும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது. ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் குற்றவாளியாக இருக்க முடியாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையால் நான் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்.

"ஒரு சந்தேகம் டாக்டர்," என்றார் அண்ணி. "ஏறினது தண்ணிதான்னா, போன வாரம் உங்க முன்னால தின்னப்ப ஏன் ஒண்ணும் ஆகல?"

"அதிர்ஷ்டம்."

"அதுக்கு மருத்துவத்துல என்ன பேருங்க?" என்று நான் கேட்டேன். அண்ணி மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

மிதித்துக்கொண்டே அவர் டாக்டரின் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு புகைப்படம், ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டப்பட்டிருந்தது. நாக்கு கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார். பக்கத்தில் டாக்டர், அவரைவிடப் பெரிதாகச் சிரிக்கிறார். நடுவில் ஒரு தட்டு. அதில் இரண்டு ஆப்பிள் துண்டுகள்.

"அந்தப் படம் எப்ப எடுத்தது?"

"டெஸ்ட் முடிஞ்ச கையோட. பிரமாதமா வந்திருக்கு இல்ல?"

"டெஸ்ட் ரொம்ப நேரம் நடந்துதா?"

"பின்ன? ஒரு துண்டு கொடுக்கணும். காத்திருக்கணும். ஒண்ணும் ஆகலன்னா அடுத்த துண்டு. காலைப்பொழுது பூரா ஓடிடுச்சு."

அண்ணி என் முன்னால் இருந்த மிச்சப் பாதி ஆப்பிளை எடுத்து டாக்டரின் பக்கம் நகர்த்தினார். வெட்டின முகம் துருப்பிடித்த தகரம்போல் ஆகியிருந்தது.

"நீங்க கதை சொல்லி முடிக்கறதுக்குள்ள இது கறுத்துப் போச்சு. காலை பூரா தட்டுல கெடந்தது மட்டும் ஏன் வெள்ளை வெளேர்னு இருக்கு?"

டாக்டர் திரும்பி, தினமும் பார்த்து மகிழ்ந்த படத்தை முதல்முறையாகப் பார்த்தார். "எலுமிச்சை தடவியிருப்பாங்க. இல்ல, உப்புத்தண்ணி."

"நீங்க ருசி பார்த்தீங்களா?"

"அவருக்குத் தைரியம் வரணும்னு நானும் ஒரு துண்டு தின்னேன்."

"புளிச்சுதா?"

"இல்ல."

"உப்பு கரிச்சுதா?"

"இல்லையே. கொஞ்சம் மெத்துன்னு இருந்துது. பழம் பழசு போலன்னு விட்டுட்டேன்."

ஆதாரத்தைத் தின்றவரே வாடிக்கையாளராக வந்து உட்கார்ந்தது எங்கள் அலுவலக வரலாற்றில் அதுதான் முதல் தடவை. அண்ணி எழுந்துகொண்டார்.

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் புகாரை அனுப்பாதீங்க. தம்பி, ரெண்டு ஆப்பிள் எடுத்துக்கோ. திங்கறதுக்கு இல்ல."

ஊழியர்கள் டீ போடும் சின்ன அறை ஹாலுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தொட்டி, ஒரு மின்சாரக் கெட்டில், ஒரு மைக்ரோவேவ், ஒருவரும் கழுவாத நாலைந்து கோப்பைகள். அண்ணி நர்ஸையும் கூட்டிக்கொண்டார். நர்ஸ் வந்ததும் முதல் வேலையாகக் கோப்பைகளைக் கழுவினார். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத பெண்மணி.

அண்ணி ஆப்பிளைத் துண்டு போட்டார். ஒரு துண்டை அப்படியே வைத்தார். இன்னொன்றைக் கொதிக்கும் நீரில் முக்கி எடுத்தார். வேறொன்றைக் கோப்பையில் போட்டு மைக்ரோவேவில் சூடாக்கினார். பிறகு மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட நான் இவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை.

டீ முடிவதற்குள் சும்மா வைத்த துண்டு பழுப்பேற ஆரம்பித்தது. சூடு பட்ட இரண்டும் வெள்ளையாகவே இருந்தன.

"சிஸ்டர், அவரு ஜாம் சாப்பிடுவாரா?" என்று அண்ணி கேட்டார்.

"தாராளமா சாப்பிடுவார். வெந்துட்டா அவருக்கு ஒண்ணும் பண்ணாது மேடம். பச்சையா இருந்தாதான் தொண்டையைப் பிடிக்கும். சூட்டுல அந்தச் சத்து செத்துப் போயிடும்."

"அப்ப, கறுக்க விடாம பண்ற சூடே வினையையும் எடுத்துடுது. போன வாரம் நடந்தது டெஸ்டே இல்ல. வெந்த ஆப்பிளைத் தின்னு பாஸ் பண்ணியிருக்கார்."

எனக்குக் குஷி தாங்கவில்லை. கேஸ் முடிந்தது, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கணம் கழித்துத்தான் எனக்கும் உறைத்தது. கெட்டில் இங்கேயே இருக்கிறது. இந்த அறைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். தண்ணீர் ஊசி போட்டவள், மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஆப்பிளையும் வேகவைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னால், அவர் வாயை யார் மூடுவது?

"நான் அந்த ஆப்பிள் டப்பாவைத் தொடவே இல்ல மேடம்," என்றார் நர்ஸ் மெதுவாக. "முழு ஆப்பிள்தான் கொண்டு வரணும்னு டாக்டர் சொல்லியிருந்தார். அந்த பேஷண்ட்டோட சம்சாரம் வீட்டுலயே வெட்டி டப்பால கொண்டு வந்துட்டாங்க. நேரமாச்சு, பரவாயில்லன்னு டாக்டரே அதை வாங்கித் திறந்தார். நான் போட்டது நல்ல மருந்துதான். ஒவ்வொரு ஊசிக்கும் அவரு கை வீங்கும், நானே அளந்து பார்ப்பேன். அதைச் சொன்னா, 'நீ அளந்ததை நான் எதுக்கு நம்பணும்'கறார். எனக்கு இந்த வேலை ஒண்ணுதான் தெரியும். திருடின்னு பேர் வந்துட்டா எந்த ஆஸ்பத்திரி வாசல்லயும் நிக்க முடியாது."

சொல்லிவிட்டு மறுபடியும் கோப்பையைக் கழுவப் போனார். அது ஏற்கனவே கழுவின கோப்பை. அண்ணி சூடு பட்ட இரண்டு துண்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.

நாக்கின் வீடு அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது தளத்தில் இருந்தது. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். எங்களைப் பார்த்த பார்வையிலேயே நான் வீட்டுப்பாடம் செய்யாதவன் என்று கண்டுபிடித்துவிட்டார்.

நாக்கு சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வீக்கம் பாதி வடிந்திருந்தது. மீதிப் பாதி, பேச்சில் இருந்தது. "வாங்க" என்றது "ஃபாங்க" என்று வந்தது.

டீச்சர் ஒரு தட்டில் வெள்ளரிக்காயும் காரட்டும் கொண்டுவந்து வைத்தார். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி வந்த எனக்கு வெள்ளரிக்காயைக் கண்டதும் உயிர் வந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உயிர் திரும்பப் போய்விட்டது. வெள்ளரிக்காய் வெந்திருந்தது. சூடாக, கொழகொழவென்று, ஈரத் துணியைக் கடிப்பதுபோல் இருந்தது.

"இந்த வீட்டுல எல்லாமே ஆவில வச்சுத்தான்," என்றார் டீச்சர், என் முகத்தைப் பார்த்து. "தக்காளி, காரட், திராட்சை எதுவா இருந்தாலும் சரி. மறந்து ஒண்ணு பச்சையா கெடந்து, அதை அவரு எடுத்து வாயில போட்டுட்டா? அதனால பச்சையா எதுவும் வீட்டுல இருக்கறதே இல்ல."

"நல்ல பழக்கம்தான்," என்றேன், விருந்தாளி என்ற முறையில் விழுங்கிக்கொண்டே.

அண்ணி அங்கே சுற்றி இங்கே சுற்றி ஊசி விஷயத்துக்கு வந்தார். "வாராவாரம் ஊசின்னா கஷ்டம்தான், இல்லீங்களா?"

"ஊசி கூடப் பரவாயில்ல. போட்டுட்டு வந்த ராத்திரி கை வீங்கி, சட்டைக் கைக்குள்ள போகாது. ஐஸ் வச்சு வச்சு என் விரலே மரத்துப் போயிடும். கடைசி ஊசி வரைக்கும் அதே கதைதான்."

அண்ணி என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. தண்ணீர் ஊசிக்குக் கை அப்படி வீங்காது. நர்ஸ் அளந்து பார்த்ததற்கு, கேட்காமலேயே ஒரு சாட்சி கிடைத்துவிட்டது.

இனி மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதை நானே முடித்துவைப்பது என்று தீர்மானித்து, உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் வந்தேன். "டீச்சர், டெஸ்டுக்குக் கொண்டு போன ஆப்பிளையும் பழக்கதோஷத்துல ஆவில வச்சுட்டீங்க. சரிதானே?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். முந்தானை நுனியை எடுத்து விரலில் சுற்றினார். பிறகு கணவரைப் பார்க்காமல் பேசினார்.

"பழக்கதோஷம் இல்ல. தெரிஞ்சேதான் பண்ணினேன். வெட்டி டப்பால போட்டு மூடிட்டேன். செருப்பு கூட மாட்டியாச்சு. அன்னிக்கு இந்தத் தரையில அவரு விழுந்து கெடந்தது ஞாபகம் வந்துது. மறுபடி உள்ள போயி கெட்டிலைப் போட்டேன். ஒரே ஒரு முக்கு முக்கினேன், அவ்வளவுதான். அவருக்கு இது தெரியவே தெரியாது. தப்பு என் மேலதான்." முந்தானையை இன்னொரு சுற்று சுற்றினார். "ஊசி வேலை செஞ்சிருக்கும், இது சும்மா நம்ம மனசுக்குன்னு நெனச்சேன்."

எனக்குப் பாவமாக இருந்தது. பயந்துபோன ஒரு பெண் செய்த காரியம். இதில் யாரைக் குற்றவாளி என்பது? எழுந்துவிடலாம் என்று அண்ணியைப் பார்த்தேன். அவரோ சாவகாசமாகக் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்தார்.

"சார், உங்க திறமையைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டேன். ஒரு சின்ன ஆசை. ரெண்டும் வெந்ததுதான், பயப்படாதீங்க. எது எப்படி வெந்ததுன்னு சொல்ல முடியுமா?"

இரண்டு நாளாக யாரும் மதிக்காத மனிதர். முகம் மலர்ந்துவிட்டது. முதல் துண்டை மோந்து பார்த்தார். முன்பல்லால் ஓரத்தைக் கடித்து, கண்ணை மூடி, நாக்கில் உருட்டினார்.

"இது ஃபெந்நீர்ல முக்கினது. கெட்டில்ல இருந்தது பழைய தண்ணி, மறுபடி மறுபடி கொதிச்சிருக்கு." அடுத்ததை எடுத்தார். "இது மைக்ரோஃபேவ். இந்தக் கோப்பையில முன்னால யாரோ காபி குடிச்சிருக்காங்க. கழுவியும் வாசனை போகல."

"ரெண்டும் சரி," என்றார் அண்ணி. "வீங்கின வாயோட, ஒரே கடியில இவ்வளவு தெரியுது. போன வாரம் நல்ல வாயோட அத்தனை துண்டு தின்னப்ப மட்டும் ஒண்ணுமே தெரியலையா?"

நாக்கின் கையில் மிச்சத் துண்டு அப்படியே நின்றது.

நான் இதை யோசிக்கவே இல்லை. டாக்டர் தின்றுவிட்டு, பழம் பழசு என்று நினைத்தார், அவர் டாக்டர். ஆனால் இவர் நாக்கை வைத்துப் பிழைப்பவர். இவரை ஏமாற்ற வெந்த ஆப்பிளால் எப்படி முடியும்?

"தெரியுமா உங்களுக்கு?" என்றார் டீச்சர்.

"மொதத் துண்டுலயே தெரிஞ்சுது," என்றார் நாக்கு, தரையைப் பார்த்துக்கொண்டு. "நிமிர்ந்து பார்த்தேன். நீ எதிர்ல மூச்சு விடாம உக்காந்திருந்தே. உண்மையைச் சொன்னா அத்தனை பேர் முன்னால உன்னை டாக்டர் காய்ச்சி எடுப்பார். அந்த வாரத்துக்குள்ள சர்ட்டிபிகேட் வரலன்னா என் நாற்காலிக்கு வேற ஆள்னு மேனேஜர் வேற சொல்லியிருந்தார். பேசாம மென்னுட்டேன்."

"அப்புறம் எதுக்கு ஃபேக்டரியில பச்சையா கடிச்சீங்க? உங்களுக்குப் புத்தி இருக்கா?"

"கடிக்கறதா இல்ல. நாக்கு நுனியில தொட்டுட்டுத் துப்பிடலாம்னுதான் போனேன். மேனேஜர் எல்லாரையும் கூட்டி நிக்க வச்சுட்டார். கையில முழு ஆப்பிள், தோலோட. எல்லாரும் கை தட்டறாங்க. அவ்வளவு பேர் கை தட்டும்போது எப்படிம்மா கடிக்காம நிக்கறது?"

டீச்சர் அவரை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அழுதார். அழுதுகொண்டே கணவரின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தட்டில் போட்டார். ஒருவர் மற்றவருக்காகப் பொய் சொல்லி, இரண்டு பொய்யும் சேர்ந்து ஒருவர் உயிரை எடுக்கப் பார்த்திருக்கிறது. இதைக் குடும்பம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணிக்கு மட்டும் மனம் இளகவில்லை. "உங்க ரெண்டு பேர் கதை சரி. நேத்துலேருந்து அந்த சிஸ்டரைத் திருடின்னு சொல்லிக்கிட்டிருக்காங்க. அது தெரியுமா, தெரியாதா?"

"டாக்டர் போன் பண்ணினார். தெரியும்." நாக்கு தடுமாறினார். "எனக்கு வாய் வீங்கி இருந்துது. பேச முடியல."

"கை வீங்கலையே. எழுதிக் காட்டியிருக்கலாமே?"

நாக்கு எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் ஏற்கனவே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹாலில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. அண்ணி டாக்டரின் அறைக்குள் போய்ச் சுருக்கமாகச் சொல்லி முடித்தார். மருந்து நல்ல மருந்துதான். அது வேலையும் செய்திருக்கிறது. அன்று ஒரே துண்டில் தரையில் விழுந்தவர், நேற்று தோலோடு ஒரு பெரிய கடி கடித்தும் உதடு வீங்கியதோடு தப்பித்திருக்கிறார். பாதி வேலை செய்த மருந்தை முழுதாக வேலை செய்ததாகக் காட்டியது வெந்நீர். முழு ஆப்பிள் கேட்டுவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டது, டாக்டர். அவர் முகம் போன போக்கை நான் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்; அண்ணனிடம் நடித்துக் காட்ட வேண்டும்.

"அந்த சிஸ்டரை உள்ள வரச் சொல்லுங்க," என்றார் டாக்டர் கடைசியில். "வருத்தம் தெரிவிச்சுடறேன்."

நர்ஸ் கதவு வரைக்கும் வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"ஹால்ல சொன்னதை ஹால்லயே வந்து சொல்லுங்க டாக்டர்."

குரலை உயர்த்தவே இல்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அவர் எழுந்திருப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டார். ஹாலின் நடுவில் போய் நின்று, வீங்கின வாயால், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"எல்லாரும் கேளுங்க. இந்த சிஸ்டர் எதையும் திருடல. போட்டது நல்ல மருந்து. தப்பு பண்ணினது நான். தெரிஞ்சும் பேசாம இருந்தது நான்."

அவருக்கு அடுத்தபடியாக டாக்டரும் வந்து, "நேத்து நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்க சிஸ்டர்," என்றார். முதல்முறையாக அவர் வாயில் மரியாதை வந்தது. நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத நர்ஸ், அப்போதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது, பக்கத்தில் கையைப் பிறாண்டிக்கொண்டிருந்த ஆசாமி, தானாகவே கையை எடுத்துவிட்டார்.

மறுவாரம் நான் அதே ஹாலில் நோயாளியாக உட்கார்ந்திருந்தேன். அலுவலக பீரோவைத் துடைக்கச் சொன்னால் தும்முகிறேன், அது ஒவ்வாமையா சோம்பேறித்தனமா என்று தெரிந்தாக வேண்டும் என்று அண்ணி அனுப்பியிருந்தார்.

நாக்கும் வந்திருந்தார். அளவைக் குறைத்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். தொழிற்சாலையில் உண்மையைச் சொன்னதும் மேனேஜர் கத்தித் தீர்த்துவிட்டு, ஜாம் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார். "அங்க எல்லாமே வெந்ததுதான்," என்றார் என்னிடம், தலையைக் குனிந்துகொண்டு.

நர்ஸ் அவர் கையில் ஊசியைப் போட்டார். நடுக்கம் இல்லை, பதற்றம் இல்லை. போட்ட பிறகு அரைமணி நேரம் நர்ஸின் கண் எதிரிலேயே நோயாளி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. நாக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார்.

"சிஸ்டர்," என்றார் கடைசியில், "என்னை நல்லா நாலு வார்த்தை திட்டிடுங்களேன்."

நர்ஸ் அவர் சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு, ஊசி போட்ட இடத்தைப் பார்த்தார்.

"திட்டிட்டா உங்களுக்கு பாரம் எறங்கிடும்," என்றார். "பேசாம உக்காருங்க."

அவர் உட்கார்ந்திருந்தார்.